மாபுங்குப்வேயின் தங்கக் காண்டாமிருகமும் இந்திய மணிகளும்: அந்த அரசை நிறுவியது யார்?

நீங்கள் கேட்டது பார்வைக்கு இரண்டு கேள்விகள். தென்னாப்பிரிக்காவில் மாபுங்குப்வே என்ற குன்றின்மேல், 13ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் தங்கக் காண்டாமிருகம் கிடைத்தது. அதற்கு ஒற்றைக் கொம்பு, ஆனால் ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களுக்கு இரண்டு கொம்பு. கூடவே இந்தியக் கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் அந்த அரசை நிறுவியவர்கள் சோழர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களா என்பது ஒன்று. தொல்லியல் இடத்தை எதற்கு யானை உலவும் தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: அங்கே ஓர் அரசு முளைக்கக் காரணமானது கடல் தாண்டி வந்ததா, அந்த ஆற்றங்கரையிலேயே இருந்ததா? சுருக்கமாகச் சொன்னால் மணிகள் வந்தது உண்மை, ஆட்கள் வந்து ஆண்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சான்றும் இல்லை. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

முதலில் நான் எந்த அளவுக்குப் பேசலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொல்லியல் படித்தவன், தென்னிந்திய அகழாய்வுகளில் கிடைத்த கண்ணாடி மணிகளை வகைப்படுத்துவதில் பல வருடங்கள் போயிருக்கின்றன. மாபுங்குப்வே இருக்கும் லிம்போபோ ஆற்றங்கரையில் நான் தோண்டியதில்லை, அங்கே தோண்டியவர்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். ஆகவே மணிகளைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை ஒரு வாசகன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் காணொளிகள் எப்போதும் தங்கத்தில் ஆரம்பித்து இடத்தை மறந்துவிடுகின்றன. லிம்போபோ ஆறும் ஷாஷே ஆறும் கலக்குமிடம் அது. இன்றைக்குத் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே மூன்றும் தொட்டுக்கொள்ளும் எல்லை. மழை குறைவான, வெயில் கொளுத்தும் பூமி. மோப்பானே மரக்காடு, இடையிடையே பாவோபாப் மரங்கள் (மன்னாரில் பெருக்கமரம் என்பார்களே, அதேதான்), சிவந்த மணற்கல் குன்றுகள். விவசாயத்துக்கு ஆசைப்பட்டு யாரும் தேர்ந்தெடுக்கிற நிலம் என்று சொல்ல முடியாது. ஆனால் யானைகளுக்கு மோப்பானே இலையும் பட்டையும் பிடிக்கும், ஆறும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அது யானைக் காடு. கி.பி. 900 வாக்கில் ஷ்ரோடா என்ற இடத்தில் மக்கள் குடியேறியதற்கே யானைத் தந்தம்தான் காரணம் என்பது தாமஸ் ஹஃப்மன் போன்ற ஆய்வாளர்களின் கருத்து. அங்கே தந்தம் செதுக்கிய கழிவுகளும் வெளியூர்க் கண்ணாடி மணிகளும் சேர்ந்தே கிடைக்கின்றன, அதனால் அந்தக் கருத்து எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்தத் தந்தம் எங்கே போயிற்று? 10ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல் மசூதி எழுதி வைத்திருக்கிறார். கிழக்காப்பிரிக்கக் கரையான சஞ்சு நாட்டிலிருந்து தந்தம் ஓமானுக்கு வந்து, அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகிறது, இந்தியாவில் அதைக் குத்துவாள் பிடிக்கும் சதுரங்கக் காய்களுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்கிறார். யானை நிறைந்த நம் நாட்டுக்கு எதற்கு ஆப்பிரிக்கத் தந்தம் என்று தோன்றும். ஆப்பிரிக்கத் தந்தம் பெரியது, செதுக்குவதற்கு இணக்கமானது, தவிர இங்கே யானை என்பது அரசனின் படையிலும் கோயிலிலும் இருக்க வேண்டிய பிராணி, கொன்று தந்தம் எடுக்கிற சரக்காக அதைப் பார்ப்பது கடினம். ஆக, அந்த வறண்ட ஆற்றங்கரைக்கும் நம் கரைக்கும் தொடர்பு இருந்தது. காணொளிக்காரர் அதுவரை பொய் சொல்லவில்லை.

ஷ்ரோடாவுக்குப் பிறகு, ஏறக்குறைய கி.பி. 1000இலிருந்து 1220 வரை, தலைமை ஊர் கே2 என்று தொல்லியலாளர்கள் பெயரிட்ட இடம். நடுவில் மாட்டுப்பட்டி, சுற்றி வீடுகள், பக்கத்திலேயே பல தலைமுறையாகச் சேர்ந்த குப்பைமேடு. 1220 வாக்கில் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் மாபுங்குப்வே குன்றுக்கு மாறுகிறார்கள். சுமார் 30 மீட்டர் உயரம், பக்கங்கள் செங்குத்து, ஏறிப்போகக் குறுகலான வழிகள். தலைவனும் அவனைச் சேர்ந்தவர்களும் மேலே, மற்ற மக்கள் கீழே. மாடுகள் ஊர் நடுவிலிருந்து வெளியே போய்விட்டன. பார்த்தால் வெறும் வீடு மாற்றம் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஆளுபவனும் ஆளப்படுபவனும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்த காலம் அத்தோடு முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலேயே இப்படிப்பட்ட முதல் அரசு இதுதான் என்று நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். இப்போது ஜிம்பாப்வே பக்கம் இருக்கும் மாபேலா குன்றில் இதே அம்சங்கள் இன்னும் முன்னதாகவே தெரிகின்றன என்று ஷட்ரெக் சிரிகுரேயும் அவர் குழுவினரும் வாதிடுகிறார்கள். எனவே முதலாவது என்ற பட்டத்தை எனக்குத் தெரிந்து இன்னும் யாருக்கும் உறுதியாகக் கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு பக்க வாதமும் ஓர் இடத்தில் ஒத்துப்போகிறது: மண்பாண்டங்கள், வீடு கட்டும் முறை, மாடு, சோளம், கம்பு, எல்லாமே முந்தைய உள்ளூர் ஊர்களிலிருந்து படிப்படியாக வளர்ந்தவை. நடுவில் கடல் தாண்டிப் புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கியதாக எந்த மண்ணடுக்கும் சொல்லவில்லை.

இனி மணிகள். இங்கேதான் காணொளி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. "இந்திய மணி" என்று ஒன்று மட்டும் அங்கே கிடைக்கவில்லை. மரிலீ வுட் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவின் தென்பகுதி மணிகளைக் காலவாரியாக வகைப்படுத்தியிருக்கிறார். ஷ்ரோடா காலத்தவை (ஷிசோ வகை என்பார்கள்) செடிச்சாம்பல் சோடாவில் செய்தவை, பாரசீக வளைகுடாப் பக்கத்துக் கண்ணாடி. கே2 காலத்தில்தான் இந்தோ பசிபிக் என்று நாம் சொல்லும் மணிகள் பெருமளவில் வருகின்றன. கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, சூட்டில் மறுபடி உருட்டி முனை மழுக்கிய மணிகள், அரிக்கமேட்டில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே செய்த அதே முறை. அந்தக் கண்ணாடியில் அலுமினா அதிகம், மக்னீசியா குறைவு. காரணம், சோடாவைச் செடிச் சாம்பலிலிருந்து எடுக்காமல் உவர்மண்ணிலிருந்து எடுத்தது, மணலிலும் கருங்கல் பொடி கலந்திருந்தது. துணி வெளுக்க நம் ஊரில் உபயோகித்த அதே வகை உவர்மண்தான். இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் துணைக்கண்டத்துக் கண்ணாடி என்று அடித்துச் சொல்லலாம். எந்தக் கரை, எந்த ஊர் உலை என்று கேட்டால் ஆய்வாளர்கள் ஒரே பதில் சொல்வதில்லை, தென்னிந்தியா இலங்கை என்றும் வேறு பகுதி என்றும் வாதம் போய்க்கொண்டிருக்கிறது. சோழநாட்டு மணி என்று எழுதுகிறவர் அந்த வாதத்தைத் தானே முடித்துவைத்துவிட்டார் என்று அர்த்தம்.

அதைவிட முக்கியமான சங்கடம் ஒன்று இருக்கிறது. மாபுங்குப்வேயின் உச்சகாலத்தில், அதாவது தங்கக் காண்டாமிருகம் புதைக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டில், அங்கே ஆதிக்கம் செலுத்தும் மணிகள் இந்த வகையே அல்ல. மாபுங்குப்வே ஒப்லேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சற்று அமுங்கின உருண்டைகள், பெரும்பாலும் கருப்பு. கண்ணாடி மறுபடியும் செடிச்சாம்பல் வகை, ஆனால் வளைகுடாவின் பழைய வகையோடும் பொருந்தாது, எங்கே செய்தது என்பது இன்னும் தீராத வழக்கு. இந்தியக் கண்ணாடி அதற்கப்புறம் 15ஆம் நூற்றாண்டில் மறுபடி வருகிறது, அப்போது மேற்கிந்தியாவிலிருந்து. ஆக, அரசு மிகச் செழிப்பாக இருந்த தலைமுறைகளில் அவர்களுக்கு மணி விற்றவர்களே மாறிப்போயிருந்தார்கள். மணியை வைத்து நிறுவனரைக் கண்டுபிடிப்பது என்றால் மாபுங்குப்வேயை யாரோ பெயர் தெரியாத மூன்றாம் நாட்டுக்காரர்தான் நிறுவியிருக்க வேண்டும்!

அந்த மணிகளை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது, எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிகப் பிடித்த பகுதி அதுதான். கே2 மக்கள் வந்த மணியை அப்படியே கோத்துப் போட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை. நீலப்பச்சைச் சின்ன மணிகளை உருக்கி, களிமண் அச்சுகளில் வார்த்து, பீப்பாய் வடிவத்தில் பெரிய மணிகளாக மாற்றினார்கள். தோட்டத்தில் உருட்டும் உருளை மாதிரி இருப்பதால் ஆய்வாளர்கள் அதற்கு கார்டன் ரோலர் என்று பெயர் வைத்தார்கள். உடைந்த அச்சுகளே அங்கே கிடைத்திருக்கின்றன. கண்ணாடியை உருக்கத் தேவையான சூடு, அச்சோடு ஒட்டாமல் எடுக்கும் பக்குவம், இதெல்லாம் மணியோடு சேர்த்துக் கப்பலில் வருகிற விஷயம் கிடையாது. இரும்பும் செம்பும் உருக்கிப் பழகிய கைகள் கண்ணாடியிலும் முயன்று பார்த்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து தென்னிந்தியாவில் இப்படி ஒரு மணி செய்யப்படவில்லை.

சரி, காண்டாமிருகம். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். மெல்லிய தங்கத் தகடுகளை மரத்தில் செதுக்கிய உடல்மேல் போர்த்தி, குட்டிக்குட்டித் தங்க ஆணிகளால் அடித்திருக்கிறார்கள். உள்ளே இருந்த மரம் மக்கிப் போய்விட்டது, மிஞ்சியது தகடு மட்டும். குன்றின்மேல் தங்கம் வைத்துப் புதைத்த கல்லறைகள் மூன்று. தங்கக் கோல், தங்கக் கிண்ணம் போன்றவையும் அவற்றிலிருந்துதான் வந்தன. ஒற்றைக் கொம்பை வைத்து அது ஆசியக் காண்டாமிருகமாக இருக்கலாம், மர உருவமே கடல்வழி வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களிலேயே எழுதியவர்கள் உண்டு, அதனால் உங்கள் சந்தேகம் ஒன்றும் அசட்டுத்தனமானது இல்லை. என் நிலை இது: அந்த உருவம் துண்டுதுண்டாகக் கிடைத்து ஒட்டவைக்கப்பட்ட ஒன்று, அது தோண்டப்பட்ட விதமோ மிக மோசம். 1932 கடைசி நாளில் உள்ளூர்ப் பண்ணைக்காரர் குடும்பமும் நண்பர்களும் குன்றில் ஏறித் தங்கம் பொறுக்கினார்கள், அதில் ஒருவர் தன் பழைய பேராசிரியரிடம் சொன்ன பிறகுதான் பிரிட்டோரியா பல்கலைக்கழகம் வந்தது. எது எங்கே, எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில் பாதி அப்போதே போயிற்று. இரண்டாவது சின்னக் கொம்பு தொலைந்திருக்கலாம், கலைஞன் ஒன்றே போதும் என்று விட்டிருக்கலாம், ஆசிய உருவமாகவும் இருக்கலாம். தலையைத் தாழ்த்தி நிற்கும் அந்தத் தோரணையும் கனத்த தோளும் ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்தைப் பார்த்தவன் செய்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது, ஆனால் அது கண்ணால் பார்த்துச் சொல்வது, சான்று ஆகாது. சான்று என்றால் இதைச் சொல்லலாம்: அதே தகடு, ஆணி வேலையில் மாட்டினமும் பூனையினமும் கூட அங்கே கிடைத்திருக்கின்றன. ஆக, அது அங்கே பழகிப்போன ஒரு கைவேலை. தங்கமும் வடக்கே ஜிம்பாப்வே மேட்டுநிலத்துத் தங்கம். உருவம் எந்த மிருகமாக இருந்தாலும், அரசன் யார் என்பதை அது சொல்லாது. நம் கோயில் கல்லில் ஒரு சீன நாகம் இருந்தாலும், அதற்காகக் கோயிலைச் சீனர் கட்டினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. "இதை வேறு யாரோதான் கட்டியிருக்க வேண்டும்" என்ற பேச்சு அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. வடக்கே கிரேட் ஜிம்பாப்வேயில் சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கி, 11 மீட்டர் உயரம் வரை எழுப்பிய சுற்றுச்சுவர் இருக்கிறது. 1871இல் அங்கே போன கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் ஒரு மர உத்தரத்தைச் சீவிப் பார்த்து, தன் பென்சில் மரம் போலவே இருப்பதால் லெபனான் தேவதாரு என்றும், ஆகவே இது சேபா நாட்டு அரசியோடு சம்பந்தப்பட்டது என்றும் முடிவுகட்டினார். 1891இல் ரோட்ஸின் கம்பெனி ஆதரவில் தோண்டிய தியோடர் பென்ட் வெளியிலிருந்து வந்த பழைய இனம் என்றார். ரிச்சர்ட் ஹால் 1902இலிருந்து 1904 வரை, ஆப்பிரிக்கர் வாழ்ந்த மண்ணடுக்குகளையே "குப்பை" என்று வாரிக் கொட்டினார், எந்த அடுக்கு உண்மையைச் சொல்லியிருக்குமோ அதையே. 1905இல் ராண்டல் மெகைவர், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் இருவரும் இது உள்ளூர் ஆப்பிரிக்கர் கட்டியது, இடைக்காலத்தைச் சேர்ந்தது என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ரொடீசிய அரசு (இன்றைய ஜிம்பாப்வேயை அப்போது ஆண்ட வெள்ளையர் அரசு) காதில் வாங்கவில்லை. அதைச் சொன்னதற்காகவே நெருக்கடிக்கு ஆளான பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டுப் போனார். மாபுங்குப்வேயிலும் இதன் மிதமான வடிவம் நடந்தது, அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த அலெக்சாண்டர் கேலோவே அவை கருப்பினத்தவருடையவை அல்ல என்று எழுதினார், பிற்கால ஆய்வு அதைத் தள்ளிவிட்டது. அந்த "வெளியிலிருந்து வந்த இனம்" இருந்த இடத்தில் தமிழரை வைத்தால் வாதம் ஒன்றும் மாறிவிடாது, ஆட்களின் பெயர்தான் மாறும். (நிறவெறி அரசு காண்டாமிருகத்தை மறைத்தே வைத்திருந்தது என்று காணொளி சொல்வதும் கொஞ்சம் மிகை. 1937இலேயே அது அச்சில் வந்துவிட்டது. பாடப்புத்தகத்துக்கும் பொதுமக்கள் பார்வைக்கும் வராமல் போனது என்பதே சரி.)

அப்புறம் 1300 வாக்கில் ஏன் கைவிட்டுப் போனார்கள்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே பின்னூட்டத்தில் ஒருவர் "வறட்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும்: மழை நன்றாக இருந்த காலம் முடிந்து, குளிர்ந்த வறண்ட காலம் தொடங்க, ஆற்றோர வெள்ள நிலத்து விவசாயம் விழுந்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே கிடைத்த கால்நடை எலும்புகளின் ஐசோடோப்பு அளவுகளும் (அந்தக் காலத்து மழையைக் கணிக்க உதவும் வேதி அளவுகள்), வயதான பாவோபாப் மரங்களின் வளையங்களில் எடுத்த அளவுகளும் அந்தக் காலகட்டத்தில் அப்படி ஒரு பெரிய வறட்சியைக் காட்டவில்லை, கடும் வறட்சி பிந்தைய நூற்றாண்டுகளில்தான் தெரிகிறது. தங்க வணிகம் வடக்கே கிரேட் ஜிம்பாப்வே பக்கம் நகர்ந்தது இன்னொரு விளக்கம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், முழு நம்பிக்கையோடு அல்ல.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிடலாம். யானை இல்லாமல் தந்தம் இல்லை, தந்தம் இல்லாமல் மணி இல்லை. வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றோரம் இல்லாமல் அந்த வறண்ட மண்ணில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு இல்லை. தனித்து நிற்கும் அந்தக் குன்றே அரண்மனையாவதற்கு முன் மழை வேண்டிச் சடங்கு செய்யும் இடமாக இருந்தது என்று ஹஃப்மன் வாதிடுகிறார். அதனால் குன்றைச் சுற்றி மட்டும் வேலி போட்டு, மற்றதைப் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பாறை மட்டுமே. யுனெஸ்கோ 2003இல் அதைப் பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில் உலக மரபிடமாகச் சேர்த்தது இந்தக் காரணத்தால்தான். தேசியப் பூங்கா 2004இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1947இல் அன்றைய பிரதமர் ஸ்மட்ஸின் அரசு இதே பகுதியில் டோங்கோலா சரணாலயத்தை அறிவித்தது, 1948 தேர்தலில் ஜெயித்து வந்த தேசியக் கட்சி 1949இல் அதைக் கலைத்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அரை நூற்றாண்டு அதோடு போயிற்று.

இப்போதும் அங்கே எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். பூங்காவுக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே வேலே என்ற நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2010இல் அனுமதி கொடுத்து, அதைச் சுற்றி வழக்கும் பேச்சுவார்த்தையும் வருடக்கணக்கில் நடந்தன. யானைகள் பாவோபாப் பட்டையை உரித்துத் தள்ளுகின்றன, ஆற்றோரப் பெருமரங்களையும் விடுவதில்லை, மரபுச் சின்னத்தின் ஒரு பாதியே மறுபாதியைத் தின்கிறது. யானையைக் குறைப்பதா, மரத்தை விட்டுக்கொடுப்பதா என்பதில் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பல்கலைக்கழக அலமாரிகளில் எழுபது வருடம் கிடந்த எலும்புகளை 2007இல் வெண்டா மக்கள் உட்பட உரிமை கோரிய பல சமூகங்கள் சேர்ந்து குன்றிலேயே திரும்ப அடக்கம் செய்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தொழில்முறை வருத்தம் உண்டு, பண்டைய எலும்புகளின் டிஎன்ஏ ஆய்வு இன்று இருக்கும் நிலையில் அந்த எலும்புகள் நிறையச் சொல்லியிருக்கும். ஆனால் என் பாட்டன் எலும்பை யாராவது பெட்டியில் வைத்திருந்தால் நானும் திரும்பத்தான் கேட்பேன்.

கடைசியாக ஒன்று. எந்தச் சான்று கிடைத்தால் என் பதிலை மாற்றிக்கொள்வேன் என்று யாராவது கேட்டால்: தென்னிந்தியச் சமையல் பானை, எழுத்துப் பொறித்த ஓடு, இங்கத்திய முறையில் ஓர் அடக்கம், இதில் ஏதாவது ஒன்று அந்த மண்ணடுக்கில் சரியாகப் பதிவாகி வந்தால் போதும். வணிகர்கள் உண்மையிலேயே தங்கிய இடத்தில் இவை கிடைக்கத்தான் செய்யும், ஆப்பிரிக்காவிலேயே கிடைத்தும் இருக்கின்றன. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள் உண்டு. அதே கரையில் வெகு தெற்கே பெரெனிகேயில் ஓர் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. மாபுங்குப்வேக்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய, பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே நடந்த வேறு கதை அது. ஆப்பிரிக்காவில் தமிழர் தடத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கே ஆரம்பியுங்கள், படிக்க நிறையவே இருக்கிறது.